எக்ஸ், சாட்ஜிபிடியை முடக்கிய ஒற்றைச் சொல்... கிளவுட்ஃபிளேரில் நடந்தது என்ன?

2025 நவம்பர் 18. இந்திய நேரப்படி மாலை 5 மணி வாக்கில் எக்ஸ் திறக்கல, சாட்ஜிபிடியும் வரல. பலர் நெட்தான் போச்சுன்னு போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பாங்க. உண்மையில் படுத்தது கிளவுட்ஃபிளேர். ஏராளமான தளங்களுக்கு முன்னால் வாட்ச்மேன் மாதிரி நிற்கும் நிறுவனம் இது.

சைபர் தாக்குதலா? அந்த நிறுவனமே முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டது. ஏன்னா தளங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஆனால் கோளாறு உள்ளேதான்.

டேட்டாபேஸ் அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால், பாட்களை அடையாளம் காணும் ஃபைலில் ஒரே விவரம் திரும்ப வந்து, அளவு இரண்டு மடங்கானது. அதைப் படிக்கும் புரோகிராமுக்கோ 200 அம்சங்கள்தான் உச்சவரம்பு. தாண்டியதும் பிழை.

பிழை வருவது சகஜம். வந்தால் என்ன செய்யணும்னு சொல்லி வைக்காததுதான் வினை. ரஸ்ட் மொழியில் எழுதிய அந்த கோடில் 'அன்ராப்' என்றொரு சொல். 'பிழை வராது, மதிப்பை மட்டும் கொடு' என்று அர்த்தம். வந்துவிட்டால் ரஸ்ட் 'பேனிக்' ஆகி, ஓடும் வேலையை அங்கேயே நிறுத்திவிடும். தப்புக் கணக்கோடு ஓடுவதைவிட நிற்பதே மேல் என்பது அதன் கொள்கை. பேங்க் கணக்குக்கு இது சரி. வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே மயங்கி விழுந்தால்? பழைய ஃபைலை வைத்தே ஓட்டியிருக்கலாமே!

அந்த ஃபைல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக உருவாகும். ஒருமுறை நல்லது, மறுமுறை கெட்டது. தளங்கள் வந்து வந்து போனது இதனால்தான். கடைசியில் பழைய நல்ல ஃபைலைப் போட்ட பிறகு, இரவு 8 மணிக்குப் பெரும்பாலும் சரியானது. முழுசா சரியாக இரவு 10.36 ஆகிவிட்டது.