கடலோரத்தில் ஒரு குக்கர் விசில்

நம்ம ஊர்க்காரர்களுக்கும் கடலுக்கும் ஒரு விசித்திரமான உறவு. சென்னைக்காரர் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு பீச்சுக்குப் போவார், சுண்டல் தின்பார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு ஆட்களுக்குக் கடல் என்பது லீவு போட்டு, வண்டி பேசி, ஒரு ராத்திரியாவது தங்கிப் பார்க்கிற சமாச்சாரம். கன்னியாகுமரியும் ராமேஸ்வரமும் நம் மாநிலத்தில் இருந்தாலும், நமக்குக் கிட்டக் கடல் என்னவோ கேரளத்து அரபிக்கடல்தான். வாளையார் தாண்டி பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால் திருச்சூர்ப் பக்கம் சாவக்காடு, நாட்டிகா. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கொச்சி, செராய். முன்பெல்லாம் குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே பாதிப் பகல் போய்விடும். 2021இல் ஒரு சுரங்கப்பாதையும் 2022 ஜனவரியில் இன்னொன்றும் திறந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடல் காற்று வாங்கலாம்.

அப்படிப் போகிற நடுத்தரக் குடும்பங்கள் இப்போது அதிகம் தேடுவது ஓட்டலும் இல்லை, லாட்ஜும் இல்லை. சர்வீஸ் அபார்ட்மென்ட். இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், பால்கனி, ஒரு சின்ன சமையலறை. அதில் கேஸ் அடுப்போ இண்டக்‌ஷன் அடுப்போ இருக்கும். கூடவே ஒரு பிரிட்ஜ், ஆறு தட்டு, கைப்பிடி ஆடுகிற ஒரு கடாய். அதிர்ஷ்டம் இருந்தால் வாஷிங் மெஷினும் உண்டு. போன் போட்டு விசாரிக்கும்போது நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி கடல் எவ்வளவு தூரம் என்பது இல்லை. "ஏனுங்க, கிச்சன் இருக்குதுங்களா?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட் நல்லது, ஆனால் அந்தக் கிச்சன் ஒரு பொறி.

நல்லது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா, அம்மா, அமுச்சி, சித்தி குடும்பம், குட்டிகள் என்று எட்டுப் பேர் போனால் ஓட்டலில் மூன்று ரூம் எடுக்க வேண்டும். எடுத்தபிறகு எல்லாரும் ஒரே ரூமில் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள், மற்ற இரண்டு ரூமிலும் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் :-) ஹால் என்ற ஒன்று நமக்கு அவ்வளவு முக்கியம். குட்டிகள் பாய் விரித்துத் தூங்கும், பெரியவர்கள் மத்தியானம் காலை நீட்டிக்கொள்ளலாம். ஈரத்துணி காயப்போடப் பால்கனி இருக்கிறது.

வாடகைக் கணக்கில் ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். 7,500ஐத் தாண்டினால் 18. மூன்று சின்ன ரூம் எடுத்தால் 5 சதவீதத்தில் முடியும், அதே காசுக்குப் பெரிய அபார்ட்மென்ட் ஒன்று எடுத்தால் 18இல் போய் விழலாம். மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது உத்தமம்.

கடலுக்கு ஒட்டியே வேண்டும் என்றும் அடம் பிடிக்க வேண்டியதில்லை. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குப் பிறகு கரையோரத்தில் இஷ்டத்துக்குக் கட்டிடம் எழுப்ப முடியாது. அந்த விதிகளை மீறியதால்தான் கொச்சி மரடில் காயலோரம் நின்ற நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு தெரு தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருக்கிற கட்டிடம் நமக்குப் போதும். அலைச் சத்தம் ராத்திரியில் அங்கேயும் கேட்கும்.

சரி, பொறிக்கு வருகிறேன்.

கிச்சன் இருக்கிறது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அம்மாவின் சுற்றுலா ஆரம்பித்துவிடுகிறது. அரிசி மூன்று கிலோ, துவரம்பருப்பு, கொள்ளு, மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஊறுகாய், காபிப்பொடி, பில்டர், ஐந்து லிட்டர் குக்கர், "எதுக்கும் இருக்கட்டும்" என்று மூன்று லிட்டர் குக்கர். இது போதாதென்று கேன் கேனாகச் சிறுவாணித் தண்ணீர். கடலோரத் தண்ணீர் உப்புக் கரிக்குமாம், அதில் காபி போட்டால் காபி மாதிரி இருக்காதாம். (அந்தச் சிறுவாணி அணையே கேரளத்துக்குள்தான் இருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால் அன்றைக்குக் காபி கிடைக்காது.) டிக்கி மூடவில்லை என்றால் குட்டிகளின் பந்தைத்தான் எடுத்து வெளியே வைப்பார்கள், குக்கரை அல்ல.

போய் இறங்கியதும் அப்பா பால்கனிக்கும் குட்டிகள் டிவிக்கும் போவார்கள். அம்மா கிச்சனுக்குப் போய் முதல் வேலையாக அங்கிருக்கிற பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவுவார். மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம். "ஒரே குக்கர், கால் மணி நேர வேலை" என்பது அதன் பெருமை. ஆனால் அதோடு அப்பளம், அதோடு ரசம், அமுச்சிக்கு மட்டும் கொஞ்சம் குழைய வேகவைத்தது, குட்டிக்குக் காரம் இல்லாமல் தயிர்சாதம் என்று கால் மணி நேரம் ரெண்டு மணி நேரமாகிவிடும். அப்புறம் பாத்திரம். அது காய்வதற்குள் நாலு மணிக் காபி. எல்லாரும் கடலுக்குக் கிளம்பும்போது, "நீங்க முன்னால போங்க, மாவைக் கரைச்சு வெச்சுட்டு வந்தர்றேன்." அவர் வந்து சேரும்போது சூரியன் பாதி முழுகியிருக்கும்.

இந்த மாதிரிக் கட்டிடங்களில் இன்னொன்றும் கவனித்தேன். பால்கனி கடலைப் பார்த்து இருக்கும், கிச்சன் ஜன்னல் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைப் பார்த்து இருக்கும். கட்டிடம் போட்ட இஞ்சினியருக்கே தெரிந்திருக்கிறது, யார் எங்கே நிற்பார்கள் என்று.

இது ஏதோ எங்கள் வீட்டு விவகாரம் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல், நாட்டில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலை செய்கிற ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்து. அப்படிப்பட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். ஆக வருஷத்தில் 362 நாள் இப்படிப் போகிறது, மீதி மூன்று நாள் கடலுக்குப் போகிறோம். அந்த மூன்று நாளிலும் 299 நிமிடத்தைப் பெட்டி கட்டி எடுத்துக்கொண்டு போவதற்கு எதற்கு டோல்கேட்டில் காசு கட்ட வேண்டும்?

இப்படிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் மூன்று பதில் வரும். முதலாவது, "வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, குட்டிகளுக்கு வயிறு கெட்டா யாரு பாக்கறது?" சுகர், பிரஷர் இருக்கிற அமுச்சியைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்வி. மற்ற ஏழு பேரும் ஊரில் இருக்கும்போது வாரத்துக்கு நாலு நாள் ரோட்டோரக் காளான் தின்கிறவர்கள். நானும் கிளாஸ் நண்பர்களும் ஏழு பேர் இதே மாதிரி ஓர் அபார்ட்மென்டில் தங்கியிருக்கிறோம். அங்கேயும் கிச்சன் இருந்தது. மூன்று நாளில் அந்த அடுப்பில் வெந்தது இரண்டு முறை மேகி, ஒரு முறை டீ. மற்றபடி பொரோட்டா, புட்டு, கடலைக்கறி. ஒருத்தனுக்கும் வயிறு கெடவில்லை. அப்போது கிச்சனைக் கேட்பது நம் வயிறு அல்ல, அம்மா கூட வந்திருக்கிறார் என்கிற தைரியம்.

இரண்டாவது பதில் காசு. எட்டுப் பேர் மூன்று வேளை வெளியே சாப்பிட்டால் பர்ஸ் இளைக்கும்தான். மறுக்கவில்லை. அதற்காக, வாடகையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே ஆளின் முதுகில் ஏற்றிவிட்டு "சீப்பா முடிஞ்சுது" என்று ஆபீஸில் போய்ச் சொல்லிக்கொள்வது என்ன கணக்கு?

மூன்றாவதுதான் தலைமுறை தலைமுறையாக வருவது. "அவளுக்கு அதுலதான் சந்தோஷம்." இதைச் சொல்வது எப்போதும் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

போன இடத்தில் சமைப்பது நமக்குப் புதுசும் இல்லை. சத்திரத்தில் தங்கி அடுப்பு மூட்டித் தின்ற பரம்பரைதான் நாம். பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்கள் வழியில் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்திச் சோறாக்கித் தின்பார்கள். இந்த சர்வீஸ் அபார்ட்மென்டே ஏசி வைத்த சத்திரம்தானே? ஆனால் அங்கே வேலை எல்லாருக்கும். ஒருத்தர் விறகு, ஒருத்தர் தண்ணீர், நாலு பேர் காய் நறுக்குவார்கள். கெடா வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறி வெட்டுவதிலிருந்து அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டுவது வரை பெரும்பாலும் ஆம்பளைகள் ராஜ்ஜியம். நூறு பேருக்குக் குழம்பு வைக்கத் தெரிந்த மாமாவுக்கு, கடலோர அபார்ட்மென்டில் எட்டுப் பேருக்கு உப்புமா கிண்ட மட்டும் கை வராமல் போவது எப்படி என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் நிஜ மான்செஸ்டரைக் கொஞ்சம் பார்க்கலாம். நம்மூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம் இல்லையா? மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் மில் ஊர்களில் வருஷத்துக்கு ஒரு வாரம் மில்களை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாரம், முறை வைத்து. திருப்பூர் பனியன் கம்பெனிகள் தீபாவளிக்கு மூடுகிற மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார்கள். அங்கே சின்னச் சின்ன வீடுகளில் ரூம் எடுத்துத் தங்கினார்கள். சாப்பாட்டு ஏற்பாடுதான் விசேஷம். கறி, மீன், உருளைக்கிழங்கு எல்லாம் விருந்தாளியே கடையில் வாங்கி வந்து கொடுத்துவிடுவார், வீட்டுக்காரம்மா சமைத்துக் கொடுப்பார். உப்பு, மிளகு வைத்ததற்குக்கூடத் தனியாகக் காசு போட்ட அம்மாக்கள் இருந்திருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வருஷம் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் அடுப்படி இல்லை.

நமக்கும் அது எட்டாத விஷயம் இல்லை. போர்ட் கொச்சியில் சீனவலைக்குப் பக்கத்தில் மீனை நாமே பேரம் பேசி வாங்கி, அங்கேயே இருக்கிற கடையில் கொடுத்துச் சமைத்து வாங்கிச் சாப்பிடலாம். கேரளக் கடலோரத்தில் தங்குகிற இடங்கள் பலவற்றில், முன்கூட்டியே சொன்னால் பக்கத்து வீட்டுச் சேச்சி யாராவது வந்து சமைத்துத் தருவார். சாமான் நம்முடையது, கூலி அவருக்கு. அமுச்சிக்கு உப்பு குறைவாகவும் குட்டிக்குக் காரம் இல்லாமலும் வேண்டும் என்று சொன்னால் அதுவும் நடக்கும். ஓட்டலில் எட்டுப் பேர் சாப்பிடுகிற செலவைவிட இது குறைவாகத்தான் வரும்.

"இன்னொரு பொம்பளை தலைல கட்டறதுதானே இது?" என்று என் கிளாஸ்மேட் ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் சேச்சி செய்கிற வேலைக்கு நேரம் உண்டு, கூலி உண்டு, முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற சுதந்திரம் உண்டு. அம்மாவுக்கு இதில் எது இருக்கிறது? கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். மீனுக்குப் பேசலாம், ஆளுக்குப் பேசக்கூடாது.

சேச்சி கிடைக்காத இடமாக இருந்தால் காலை டிபன் அப்பா முறை, ராத்திரி வெளியே, மதியம் யார் லேட்டாக எழுந்தார்களோ அவர்கள். அப்பா போடுகிற உப்புமா கட்டியாகத்தான் இருக்கும், கடல் காற்றில் பசிக்கிற பசிக்கு உள்ளே போய்விடும்.

போன வாரம் இந்த யோசனையை அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அதெல்லாஞ் செரி கண்ணு, ரசத்துக்கு அந்தம்மா புளி எவ்வளவு கரைக்கும்னு கேட்டுக்கோ" என்றார்.