ஐம்பத்தோராவது படம்



போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நம் பத்திரிகையை ஆரம்பத்திலிருந்து வாசித்துவந்த ஓர் அம்மாவின் 31ஆம் நாள். முகத்துவாரத்தில் அந்தியேட்டி முடித்து, வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, இலை போடுவதற்கு முன்னம் பேரன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அம்மம்மாவின் படங்களை ஓடவிட்டான். மொத்தம் 64 படங்கள், ஒவ்வொன்றும் 5 விநாடி. பின்னணிக்குத் தன் போனில் ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டிருந்தான். சனம் அழுதுகொண்டிருந்தது. இடையிடையே ரெட்டைப் பின்னல் காலத்து மச்சாள்மாரை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டும் இருந்தது.

புல்லாங்குழல் 4 நிமிடம் 10 விநாடியில் ஓய்ந்தது. 250 விநாடி என்றால் சரியாக ஐம்பது படம். ஐம்பத்தோராவது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பல்கனியில் கம்பளி போர்த்திக்கொண்டு அவர் இருந்த படம். அது வேட்டியில் விழுந்ததும், போனில் அடுத்ததாக வரிசையில் இருந்த குத்துப்பாட்டுத் தானாகவே பாய்ந்தது. ஒலிபெருக்கி வேறு வாடகைக்கு எடுத்த பெரிய பெட்டி. பெடியன் கதிரைகளைத் தாண்டி ஓடிப்போய் நிறுத்தினான். மிச்சம் பதினான்கு படங்களும் மின்விசிறிச் சத்தத்தில் ஓடி முடிந்தன.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த அம்மாவின் மகள் என்னிடம் கேட்டார்: “பாட்டைக் கொஞ்சம் இழுக்கேலாதோ, ஐயா?”

இந்தப் பக்கத்தில் வழக்கமாக விலைவாசியையும் விழாக்களையும் பற்றி எழுதுகிறவன் நான். இந்த முறை அந்தக் கேள்விக்கே பக்கத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம் என்று வெள்ளவத்தையில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இப்போது ஒரு படத்தொகுப்பு ஓடுகிறது. படம் ஒரு நீளம், பாட்டு ஒரு நீளம்.

பாட்டின் நீளத்தை யார் முடிவுசெய்தது? ஒரு பகுதி பழைய இசைத்தட்டுத்தான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றிய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும். தட்டுப் போன பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை, பாட்டு மூன்று நிமிடத்திலிருந்து ஐந்துக்குள் நின்றுவிட்டது. நம் வீட்டு அம்மம்மாவுக்கு எத்தனை படம் இருக்கும் என்று எந்த இசையமைப்பாளரும் கணக்குப் பார்த்ததில்லை.

ஆனால் அளவெடுத்துத் தைத்த இசை நமக்குப் புதிதா என்ன? கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரரைக் கவனியுங்கள். அவர் கண் ஐயரில் இருக்கும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் கேற்றடியில் பத்து நிமிடம் தாமதித்தால் ராக ஆலாபனை பத்து நிமிடம் நீளும். கேட்கிறவருக்கு அது நீண்டது என்றே தெரியாது. தாலி எடுக்கும் நேரம் ஐயர் கையைக் காட்டியதும் ஓடிக்கொண்டிருந்த கீர்த்தனை எந்த வரியில் நின்றாலும் சரி, கெட்டிமேளம் எழும். மூன்று முடிச்சும் விழுந்த பிறகு மெல்லத் தணியும். இணுவிலும் அளவெட்டியும் இந்தக் கலையில் பெயர் எடுத்த ஊர்கள். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்றவர்கள் அந்த மரபில் வந்தவர்கள்தான். பேசாப் படக் காலத்தில் கொட்டகை வாத்தியக்காரரும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் வாசித்தார். வானொலியில் செய்திக்கு முன் மிஞ்சுகிற ஒன்றரை நிமிடத்தை ஒரு வாத்திய இசையால் நிரப்பி, மணி அடிக்கும் நேரத்துக்கு அதைப் பூப்போலத் தணித்துவிடும் அறிவிப்பாளரின் கைப்பழக்கமும் இதே சாதிதான். ஒலிப்பதிவு வந்த பிறகுதான் இசை நம்மைப் பார்ப்பதை நிறுத்தியது.

அந்தப் பார்வையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்மார்ட்சவுண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒவ்வொரு இசையையும் தொடக்கம், நடுத்துண்டுகள், முடிவு என்று முன்கூட்டியே வெட்டி அடையாளமிட்டு வைத்தது. 2 நிமிடம் 37 விநாடி வேண்டும் என்றால் அந்தத் துண்டுகளை மாற்றி அடுக்கி அந்த அளவுக்கு ஓர் இசையைக் கட்டித் தரும். அடோபியின் ஓடிஷனிலும் பிரீமியரிலும் ரீமிக்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அது நாம் கொடுக்கும் இசையிலேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இடங்களைத் தேடி ஒட்டுகிறது. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் நாமே கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கையால் செய்வதில் ஒரேயொரு விதி. தலையையும் வாலையும் தொடாதீர்கள். பாட்டின் இயல்பான தொடக்கம் முதல் படத்திலும், இயல்பான முடிவு கடைசிப் படத்திலும் இருக்கட்டும். கூட்டுவதும் குறைப்பதும் வயிற்றில். பல்லவியோ இடையிசையோ திரும்ப வரும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, தாளத்தின் அதே அடியில் வெட்டி, அதே அடியில் ஒட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று கொஞ்சம் தழுவிப் போக விட்டால் ஒட்டு தெரியாது. படம் மாறும் கணத்துக்குக் கீழே அந்த ஒட்டை ஒளித்துவிட்டால் இன்னும் நல்லது. கண்ணுக்கு வேலை வந்தால் காது மன்னித்துவிடும். பலர் செய்வதுபோல, படம் முடிந்த இடத்தில் பாட்டைத் தேய்த்து அணைப்பது கடைசி வழி. முதல் வழியாக அதைச் செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் வருமுன் இலையை எடுப்பது போன்றது அது.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் சரியாக 5 விநாடி. கொட்டாஞ்சேனைப் பெடியனின் 64 படங்களும் 64 ஆவர்த்தனம்! ஒவ்வொரு படமும் சமத்தில் விழும். மிருதங்கக்காரர் கோர்வையை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தானே தொடங்குகிறார்? படத்தொகுப்பையும் கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி அடுக்கிப் பாருங்கள்.

இனி என் சொந்த மனக்குறை ஒன்று. என் தங்கையின் கலியாணம் 1991இல், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மூன்று மணித்தியாலக் கசற். வீடியோக்காரர் அக்காலத்து வழக்கப்படி முழுவதற்கும் சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். எங்கள் அப்பா மணமக்களுக்கு அறுகரிசி போட்டுவிட்டு ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது, தங்கை சிரிக்கிறாள், மாப்பிள்ளை வெட்கப்படுகிறார். கேட்பதெல்லாம் ஒரு டூயட். அப்பா போய் இருபது வருடமாகிறது. அவருடைய குரல் பதிந்த வேறு எதுவும் எங்களிடம் இல்லை. அவர் என்ன சொன்னார் என்று தங்கையைக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகமில்லை.

ஆகவே பின்னணி இசை போடும் பிள்ளைகளே, அசல் ஒலியை அழிக்காமல் தனியாக ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். ஆள் பேசும் இடத்தில் இசையைத் தாழ்த்துங்கள். இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக அமைப்பதற்கான உலக நெறிமுறைகளில் இதற்கு ஓர் அளவே இருக்கிறது: பேச்சைவிடப் பின்னணி ஒலி 20 டெசிபலாவது குறைந்திருக்க வேண்டும். காது மங்கியவர்களை நினைத்து வைத்த அளவு அது. நம் வீட்டு வீடியோக்களை அதிகம் பார்ப்பவர்களும் காது மங்கிய முதியவர்கள்தான்.

ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்ப யூடியூப்பில் ஏற்றுகிறவர்களுக்கு வேறொரு தலையிடி. ஏற்றிய வீடியோவில் யாருடைய இசை இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் முறையை யூடியூப் 2007இலேயே கொண்டுவந்துவிட்டது. உரிமையாளர் விரும்பினால் வீடியோ ஊமையாகிவிடும், அல்லது சில நாடுகளில் திறக்கவே திறக்காது. “தியாகராஜர் கீர்த்தனைக்கு யார் உரிமையாளர்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் 1847இல் சமாதியானவர். கீர்த்தனைக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் அதைப் பாடிப் பதிவுசெய்த இசைத்தட்டுக்கு உரிமை வேறு. சினிமாப் பாட்டு என்றால் இன்னும் சிக்கல். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் காலமாகி 70 வருடம்வரை உரிமை நீடிக்கும். இந்தியாவில் 60 வருடம். யூடியூப்பே இலவசமாகத் தரும் இசைத் தொகுதி ஒன்று உண்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நம் வீட்டுப் படத்துக்கு எங்கோ ஒரு கோப்பிக் கடையின் வாசம் வந்துவிடும்.

இதையெல்லாம் அந்த மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கே அலுத்துவிட்டது. “உங்கள் வீட்டில் யாரும் வாத்தியம் பழகுகிறார்களா?” என்று கேட்டேன். தமக்கையின் மகள் வெள்ளவத்தையில் இருக்கிறாள், வயலின், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயாராகிறாள் என்றார். பிறகென்ன! முகாரி மட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பிள்ளை நீலாம்பரியை எடுத்தாள். அம்மம்மா தன்னை நித்திரையாக்கப் பாடியது அதுதானாம்.

கடற்கரைப் பக்கத்து மாடி வீடு. மடிக்கணினியில் படங்களை ஓடவிட்டு, தாளம் இல்லாமல் ஆலாபனையாக, படத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்திருக்கிறாள். முதல் தடவை பாணந்துறைப் பக்கம் போன ரயில் கெடுத்தது. இரண்டாவது தடவை கோட்டைக்குப் போன ரயில். மூன்றாவது தடவை ரயில் வரவில்லை, மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அதை எனக்கு அனுப்பினார்கள். ஐம்பத்தோராவது படத்தில், பல்கனியும் கம்பளியும் வரும்போது, வில் கொஞ்சம் தயங்கிப் பிறகு இழைகிறது. அறுபத்துநான்காவது படம் அம்மம்மா மடியில் இந்தப் பிள்ளையே கைக்குழந்தையாகக் கிடக்கிற படம். ஐந்து விநாடி கடந்தும் அவள் வில்லை எடுக்கவில்லை. பெடியன் இந்த முறை இசையில் கை வைக்கவில்லை, கடைசிப் படத்தைப் பதினொரு விநாடிக்கு நீட்டிவிட்டான்.

அன்புடன்,
ஆசிரியர்