உலகம் முழுக்க ஹிட் அடிச்ச பாட்டு... காசு யாருக்கு? கிராமியப் பாடகர்களுக்கு ‘என்ஜாய் எஞ்சாமி’ சொல்லும் பாடம்

ஒரு பாட்டை கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டால், அதை உருவாக்கியவர்கள் செட்டில் ஆகிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டின் கதை வேறு மாதிரி. பெயர் யாருக்கு, பணம் யாருக்கு என்ற கேள்வி பாட்டு வெளியாகி மூன்று வருஷம் கழித்தும் ஓயவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கோயில் திருவிழாவிலும் கச்சேரியிலும் பாடுபவர்கள் பலர் இன்று சொந்தமாகப் பாட்டு எழுதி, யூடியூபில் போடுகிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

யார் இந்த அறிவு?

அரக்கோணத்தைச் சேர்ந்தவர் பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவு. 2018-ல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மூலம் கவனம் பெற்றார். 2019-ல் ‘தெருக்குரல்’ என்ற சுயாதீன ஆல்பம் வந்தது. ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ பாட்டை எழுதி, அனிருத்துடன் சேர்ந்து பாடியவரும் இவர்தான்.

அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 2021 மார்ச்சில் ‘மாஜா’ தளம் வெளியிட்ட ‘என்ஜாய் எஞ்சாமி’. வரிகள் அறிவு, இசை சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீ மற்றும் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்து, நிலத்தில் உழைத்தும் நிலம் இல்லாமல் போனவர்களைப் பற்றி அறிவு எழுதிய பாட்டு அது.

பிரச்சனை எங்கே தொடங்கியது?

முதல் சர்ச்சை பெயரைப் பற்றியது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இடம்பெற்றார், அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவை வைத்தும் ஒரு டிஜிட்டல் அட்டையை அந்த இதழ் வெளியிட்டது.

அடுத்தது 2022 ஜூலை. சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அப்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார். சில நாளில், பாட்டை உருவாக்கியது தான் என்றும், யாரும் தனக்கு மெட்டோ வரியோ கொடுக்கவில்லை என்றும் இன்ஸ்டாகிராமில் எழுதினார். மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு இது என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார்.

2024 மார்ச்சில் விவகாரம் பணத்துக்கு வந்தது. பாட்டு மூலம் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. பெயருக்காக இரண்டு தரப்பாக நின்றவர்கள்கூட, பணம் என்று வந்தபோது ஒரே கேள்வியில் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு பாட்டுக்கு எத்தனை ஓனர்?

நாம் ‘ஒரு பாட்டு’ என்கிறோம். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அதைப் பிரித்துப் பார்க்கிறது.

வரி: எழுதியவருக்குச் சொந்தம்.

மெட்டு: இசையமைத்தவருக்குச் சொந்தம். வரி, மெட்டு இரண்டுக்கும் உரிமை, உருவாக்கியவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 வருஷமும் நீடிக்கும்.

ஒலிப்பதிவு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு செய்யப்பட்ட ஆடியோவின் உரிமையாளராகச் சட்டம் முதலில் பார்ப்பது அதன் தயாரிப்பாளரை. பாடியவரை அல்ல. இந்த உரிமை பாட்டு வெளியானதிலிருந்து 60 வருஷம்.

பாடியது: பாடகருக்குத் தனியாக ‘நிகழ்த்துநர் உரிமை’ உண்டு. அது 50 வருஷம்.

சிம்பிளா சொன்னா, உங்கள் ஊர் பாட்டை நீங்களே எழுதிப் பாடியிருந்தாலும், பணம் போட்டு ரெக்கார்டு செய்து தன் சேனலில் போட்டவர் அந்த ஆடியோவுக்கு உரிமை கேட்கலாம். யூடியூப் விளம்பரப் பணமும் சேனல் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

பழைய மெட்டு என்றால்?

மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் பம்பை, உடுக்கையோடு பாடப்படும் மரபான மெட்டுக்கோ, வழிவழியாக வரும் தாலாட்டு, ஒப்பாரிக்கோ தனி ஒருவர் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதே மெட்டில் நீங்கள் புதிதாக எழுதும் வரி உங்களுடையது. சினிமா மெட்டில் புது வரி போட்டால் கதை வேறு, அதற்கு அனுமதி வேண்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சா?

இல்லை. 2012-ல் சட்டத்தில் செய்த திருத்தம் இதில் முக்கியமானது. வரி எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், பாட்டு பயன்படுத்தப்படும்போது வரும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கியிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது.

உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? சட்டம் பங்கு தருகிறது, பங்கு கேட்கக் கணக்கு வேண்டும். எவ்வளவு வந்தது என்ற விவரம் பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பேரும் அனுபவமும் உள்ள இசையமைப்பாளரே மூன்று வருஷம் கழித்து கேமரா முன்னால் வந்து கேட்க வேண்டியிருக்கிறது என்றால், கச்சேரிக் கூலியை நம்பி வாழும் ஒருவர் எங்கே போய்க் கேட்பார்?

பாடகர்கள் என்ன செய்யலாம்?

* ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே, வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆடியோ யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பராக இருந்தாலும் சரி.

* வருமானக் கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

* காப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் உதவும். வரி அல்லது மெட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

* எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் ஐபிஆர்எஸ் அமைப்பிலும், பாடகர்களும் வாத்தியக் கலைஞர்களும் இசாம்ரா (ISAMRA) எனப்படும் பாடகர்கள், இசைக்கலைஞர்கள் உரிமைச் சங்கத்திலும் உறுப்பினராகலாம்.

* யூடியூப் சேனலும் அதன் பாஸ்வேர்டும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கிடைத்தால் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பாட்டு ஹிட் ஆன பிறகு பேசிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் துறையில் அதிகம் கேட்கும் வார்த்தை. ஹிட் ஆன பிறகு பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ‘என்ஜாய் எஞ்சாமி’யே சாட்சி.