பள்ளத்துக்கு ஒரு தேதி, மேட்டுக்கு ஒரு தேதி

ஊட்டியில் டேலியா நாற்றை எப்போது மண்ணில் வைப்பது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம் என்று ஊரே சொல்லும். அந்த ஒரே கணக்கை எல்லாத் தோட்டத்துக்கும் பொருத்துவதுதான் தவறு என்பேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால்தான் ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவின் தாழ்ந்த புல்வெளி விடியலில் வெள்ளை பூத்துக் கிடக்கும்போது, மேட்டுச் சரிவில் நிற்கும் செடி தப்பிவிடுகிறது. பேன்சி லேசான உறைபனியைத் தாங்கும், முன்பே நடலாம். டேலியாவும் செண்டுமல்லியும் ஒரே இரவில் கருகிப்போகும். அரசு தாவரவியல் பூங்காவிலேயே மிலார் செடிகளால் மூடித்தான் நாற்றுகளைக் காக்கிறார்கள். உங்கள் வீட்டுப் புல்லில் கடைசியாக வெள்ளை படிந்த நாளை ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். நான்கைந்து வருடக் குறிப்பு கையில் இருந்தால், டேலியாவுக்கான நாள் உங்களுக்கே தெரியும்.