போர்டை மாத்தினா கூடையில இருக்கிற மீன் புதுசாயிடுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு வரி மீம் போட்டு முடிக்கிற விஷயம் இல்ல. முழுசா படிச்சுட்டுப் பகிருங்க.

நல்லவாட்டில் எங்க வீட்டுத் திண்ணைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஏழெட்டுப் பசங்க வருவாங்க. இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலை தேடுற நேரத்துல ஆரம்பிச்ச பழக்கம், இன்னும் விடல. எல்லாரும் அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்க. அதுல மூணாவது படிக்கிற ஒரு பையன் இருக்கான். பேர் வேண்டாம். அவங்க அப்பா பைபர் போட்டுல போறவர், அம்மா மீன் கூடை தூக்கிப் போய் விக்கிறவங்க.

போன வாரம் அவன் ஆங்கிலப் பாட்டு ஒண்ணை மூச்சு விடாம ஒப்பிச்சான். அவங்க அம்மா முகத்துல அப்படி ஒரு பெருமை. "எப்படி சொல்றான் பாரு தம்பி"ன்னாங்க. நானும் கை தட்டினேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, அதே பாட்டுல நடுவுல ஒரு வார்த்தை மேல விரலை வச்சு, "இது என்னடா?"ன்னு கேட்டேன். பாட்டை முதல்ல இருந்து ஆரம்பிச்சான். "பாட்டு வேண்டாம்டா, இந்த ஒரு வார்த்தை மட்டும்." அமைதி. தலையைக் குனிஞ்சுட்டான்.

சரின்னு தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். 'மரம்', 'வீடு' வந்துச்சு. 'கப்பல்' வரல. கடற்கரையில பிறந்த பிள்ளைக்கு கப்பல்னு எழுதினதைப் படிக்க வரல.

மக்குப் பையன்னு முடிவு பண்ணிடாதீங்க. நான் கேட்டேன்: "ஒரு கூடை நெத்திலி 850 ரூபாய்க்கு ஏலம் போச்சு. மூணு கூடை. ஐஸுக்கு 150 கழிச்சா கையில எவ்வளவு நிக்கும்?" விரல் கூட மடக்கல. "2,400 ண்ணா." அவனோட நோட்டுல இதைவிட எளிமையான ஒரு கணக்கு தப்பாப் போட்டிருந்தான். ஆப்பிள் பெட்டிக் கணக்கு, ஆங்கிலத்துல. அவனுக்குக் கணக்கு தெரியும். கேள்வி என்னன்னுதான் தெரியல.

அந்தப் பையனோட டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க சொன்ன பாடத்தைச் சொன்ன தேதிக்குள்ள முடிக்கணும். என் கோபம் எல்லாம் இந்தப் பாடத்தை, இந்த மொழியில, இந்த வயசுல வைக்கலாம்னு மேல உட்கார்ந்து முடிவு எடுத்தவங்க மேலதான்.

புதுச்சேரிக்குன்னு சொந்தக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்; மாஹே கேரளா; ஏனாம் ஆந்திரா. பல வருஷமா இப்படித்தான் ஓடிச்சு. தொடக்கப் பள்ளிகளுக்குள்ள சிபிஎஸ்இ முன்னாடியே படிப்படியா வந்தாச்சு. அப்புறம் என்.ஆர். காங்கிரஸ் – பாஜக கூட்டணி அரசு 2023-24ல 6 முதல் 9 வரைக்கும், 11ஆம் வகுப்புக்கும் மாத்திச்சு. 2024-25ல 10, 12ம் மாறிடுச்சு. ஒரு மாநிலத்தோட அரசுப் பள்ளி மொத்தமும் மத்திய வாரியத்துக்குப் போனதை சாதனைன்னு மேடையில பேசுறாங்க.

நம்ம ஊர் பாஷையில கேக்குறேன். கடைக்கு முன்னாடி இருக்கிற போர்டை மாத்தினா, கூடையில இருக்கிற மீன் புதுசாயிடுமா?

உடனே வர்ற பதில் தெரியும். "நீட் எழுதணும், ஜேஇஇ எழுதணும், அதுக்கு சிபிஎஸ்இ வேணும்." சரி. நீட் எழுதுறது பதினேழு வயசுல. வாசிக்கக் கத்துக்கிறது ஆறு வயசுல. ஆறு வயசுல வாசிப்பு வரலைன்னா, பதினேழு வயசுல எந்த வாரியத்துப் புத்தகத்தைக் கையில கொடுத்தும் என்ன பிரயோஜனம்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 10 சதவீத உள்ஒதுக்கீடு 2023ல வந்துச்சு. நல்ல விஷயம், வரவேற்கிறோம். ஆனா அந்தக் கதவு வரைக்கும் நடந்து போக காலுக்கு பலம் வேணாமா? அந்த பலம் ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது வகுப்புல வர்றது.

இப்போ வேடிக்கையைப் பாருங்க.

2020 ஜூலை 29ல வந்த தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்து நாம பேசுறதுக்கு ஆயிரம் இருக்கு. ஆனா அந்தக் கொள்கையே என்ன சொல்லுது? முடிஞ்ச இடத்துல எல்லாம் குறைஞ்சது ஐந்தாம் வகுப்பு வரைக்கும், முடிஞ்சா எட்டாம் வகுப்பு வரைக்கும், தாய்மொழியிலோ வீட்டு மொழியிலோ பாடம் நடத்தணும்னு சொல்லுது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, இயன்ற வரை தாய்மொழியே பயிற்று மொழின்னு எழுதி வச்சிருக்கு. 2025 மே மாசம் சிபிஎஸ்இ தன்னோட பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிச்சு. பிள்ளைகளோட தாய்மொழி என்னன்னு கணக்கெடுங்க, மழலையர் வகுப்புல இருந்து ரெண்டாம் வகுப்பு வரைக்கும் அந்த மொழியில சொல்லிக் கொடுங்கன்னு அதுல இருக்கு. யுனெஸ்கோ இதையே 1953லயே சொல்லிடுச்சு.

அதாவது டெல்லி கொள்கை சொல்லுது, பாராளுமன்றச் சட்டம் சொல்லுது, சிபிஎஸ்இயே சொல்லுது. டெல்லி சொன்ன பாடத்திட்டத்தை ஓடிப்போய் எடுத்துக்கிட்ட இந்த அரசு, அதே டெல்லி சொன்ன தாய்மொழியை மட்டும் ஏன் கண்டுக்கல? நல்லவாட்டுப் பிள்ளையோட தாய்மொழி என்னன்னு கண்டுபிடிக்க கணக்கெடுப்பு வேணுமா? படகுத்துறைக்கு வந்து அஞ்சு நிமிஷம் நின்னா போதாதா?

புத்தகத்தோட பேரையும் சொல்லிடுறேன். என்சிஇஆர்டி 2023ல கொண்டுவந்த ஒண்ணாவது, ரெண்டாவது வகுப்பு ஆங்கிலப் புத்தகத்துக்குப் பேர் 'மிருதங்'. மூணாவது வகுப்பு ஆங்கிலப் புத்தகம் 'சந்தூர்'. ஆங்கிலம் கத்துக்கொடுக்கிற புத்தகத்துக்கு ஆங்கிலத்துலயும் பேர் இல்ல, பிள்ளையோட மொழியிலயும் பேர் இல்ல. கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி 2025ல இதை வெளிப்படையாவே கண்டிச்சார். நம்ம ஊர் அரசு வாயே திறக்கல. மிருதங்கத்துல கடைசி எழுத்துகளை வெட்டி எடுத்து அட்டையில போட்டிருக்காங்க, அதைக் கூட கேட்கத் துணிச்சல் இல்ல.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துலயே இந்த மண்ணுல அரசுப் பள்ளியில தமிழ் வாத்தியார் இருந்தார். பாவேந்தர் பாரதிதாசன் 1909ல அந்த வேலையில சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். பாகூர் பக்கம் போனா இன்னும் பின்னாடி போகலாம். ஒன்பதாம் நூற்றாண்டுல, நிருபதுங்கவர்மன் காலத்துல, பாகூர்ல இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூணு ஊரைத் தானமாக் கொடுத்ததை பாகூர் செப்பேடு சொல்லுது. அது எல்லார் பிள்ளைக்கும் திறந்த பள்ளி இல்ல, அது வேற பஞ்சாயத்து. ஆனா படிப்பு நடக்க மூணு ஊரோட வருமானத்தை ஒதுக்கணும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. இப்போ இருக்கிறவங்களுக்கு போர்டு மாத்தினா போதும்னு தோணுது.

இப்போ நம்ம பக்கத்துக்கும் ஒரு உண்மையைச் சொல்லணும். கசக்கும், பரவாயில்ல.

"பழைய மாநிலப் பாடத்திட்டமே இருந்திருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்"னு நம்ம தோழர்கள் கமெண்ட்ல எழுதுறாங்க. அது உண்மை இல்ல. அசர் 2022 ஆய்வுல தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல மூணாவது படிக்கிற பிள்ளைகள்ல ரெண்டாவது வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிஞ்சவங்க 4.8 சதவீதம்தான். கொரோனாவுல பள்ளி மூடிக் கிடந்த அடி அது. 2024 ஆய்வுல அங்க நிலைமை ஏறியிருக்கு, ஆனா பெருமைப்படுற அளவுக்கு இல்ல. நாடு முழுக்கப் பார்த்தாலும் 2024ல மூணாவது வகுப்புல நாலு பேருக்கு ஒருத்தர் கணக்குலதான் அந்த அளவுக்கு வாசிக்கிறாங்க.

ஆனா அடி விழுந்த பிறகு அங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. நம்ம எல்லைக்குப் பக்கத்துல, மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்துல 2021 அக்டோபர் 27ல இல்லம் தேடிக் கல்வி தொடங்குச்சு. 2022 ஜூன்ல ஒண்ணு முதல் மூணு வரைக்கும் எண்ணும் எழுத்தும் வந்துச்சு. அந்தத் திட்டங்கள்லயும் குறை இருக்கு. ஆசிரியர்களுக்குப் பதிவேற்ற வேலை அதிகம்னு அங்க சங்கங்களே பேசுறாங்க. ஆனா 'பிள்ளைக்கு வாசிக்க வரல' அப்படின்னு ஒரு அரசு ஒத்துக்கிட்டு, அதுக்கு ஒரு பேர் வச்சு, வேலை தொடங்குச்சு. இங்க பிரச்சினை இருக்குன்னே யாரும் ஒத்துக்கல.

அப்புறம் அந்தப் பழைய கேள்வி: "நீங்க தமிழ் தமிழ்னு பேசி ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்காம பண்ணப் பாக்குறீங்க. உங்க தலைவர்கள் வீட்டுப் பிள்ளைங்க எங்க படிக்குது?"

இதுக்கு நான் என் கதையிலதான் பதில் சொல்ல முடியும். நான் பத்தாவது வரைக்கும் தமிழ் வழி. காலேஜ்ல முதல் செமஸ்டர் லேப் வைவாவுல, பதில் தெரிஞ்சும் ஆங்கிலத்துல சொல்ல வராம நின்னேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதனால கூடை தூக்குற அக்கா "என் புள்ள இங்கிலீஷ் பேசணும் தம்பி"ன்னு சொல்லும்போது, அந்த ஆசையை யாராவது கேலி பண்ணினா எனக்கு முதல்ல கோபம் வரும். அந்த ஆசை நியாயம்.

ஆனா அந்த முதல் செமஸ்டர்ல இருந்து என்னை வெளிய கொண்டு வந்தது என்ன தெரியுமா? எனக்கு வாசிக்கத் தெரியும். ஒரு பக்கத்தைப் பார்த்தா அதுல அர்த்தம் இருக்கும், உட்கார்ந்தா அது பிடிபடும்ங்கிற நம்பிக்கை மூணாவது வகுப்புலயே வந்துடுச்சு, தமிழ்ல. அதை வச்சு அகராதியும் கையுமா ஆங்கிலத்தைப் பிடிச்சேன். என் திண்ணைக்கு வர்ற பையனுக்கு அந்த நம்பிக்கையே இன்னும் வரல. எழுத்துன்னா ஒப்பிக்கிற சத்தம்னு நினைச்சுட்டு இருக்கான். அவனுக்கு ஆங்கிலமும் கிடைக்கல, தமிழும் கிடைக்கல. ஆங்கிலப் புத்தகம் மட்டும் கிடைச்சிருக்கு.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுல ஆங்கிலம் பேச ஆள் இருக்கு, டியூஷன் இருக்கு, கதைப் புத்தகம் இருக்கு. அதே புத்தகத்தை, இது எதுவும் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துட்டு 'சமமாக் கொடுத்தோம்'னு சொல்றது சமூகநீதி இல்ல. ஏமாத்து.

நல்லவாட்டுக்காரன் ஒருத்தனுக்கு மொழி என்ன செய்யும்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2004 டிசம்பர் 26. எனக்கு அப்போ அஞ்சு வயசு. சிங்கப்பூர்ல வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் அங்க செய்தியைப் பார்த்துட்டு ஊருக்கு போன் பண்ணினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க வச்சிருந்த அறிவு மையத்து ஒலிபெருக்கியில அறிவிப்பு போச்சு: கடல் வருது, ஓடுங்க. அம்மா என்னை இடுப்புல தூக்கிட்டு ஓடினாங்க. வீடுகள் போச்சு, படகுகள் போச்சு, ஊர் ஜனம் பிழைச்சுது. உலகமே அதைப் பத்தி எழுதிச்சு.

செய்தி வெளிநாட்டுல இருந்து வந்துச்சு. மைக்ல தமிழ்ல வந்துச்சு. கேட்ட நொடியே எல்லாருக்கும் புரிஞ்சுது. வெளி உலகத்து அறிவு வேணும், அது நம்ம பிள்ளைக்குப் புரியிற மொழியில முதல்ல வந்து சேரணும். நாம கேட்கிறது அவ்வளவுதான்.

நம்ம கோரிக்கைகள் இவை:

1. ஒண்ணு முதல் மூணு வரை கணக்கும் சூழ்நிலையியலும் தமிழ்ல. புத்தகம் இருமொழியில, ஒரு பக்கம் தமிழ், எதிர்ப் பக்கம் ஆங்கிலம். சிபிஎஸ்இ சுற்றறிக்கையையே காட்டிக் கேட்கிறோம்.

2. ஆங்கிலம் ஒண்ணாவதுல இருந்தே, ஒரு மொழியா, பேசிப் பழகுற வகுப்பா, அதுக்குன்னு பயிற்சி பெற்ற ஆசிரியரோட.

3. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை காலி என்பதை பள்ளி வாசல்லயே எழுதி வைக்கணும். 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டம். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்பதும் அதே சட்டத்தோட 27ஆம் பிரிவு.

4. நம்ம பிள்ளை படிக்கிற பாடத்துல ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் கடலும் வரணும். நெத்திலிக் கணக்கும் வரணும்.

கடைசியா ஒண்ணு. இந்தப் பதிவுக்கு லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த வாரம், உங்க தெருவுல மூணாவது படிக்கிற ஒரு பிள்ளையை பக்கத்துல உட்கார வச்சு, ரெண்டாவது வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்க. திட்டாதீங்க, வீடியோ எடுக்காதீங்க, பேரைப் போடாதீங்க. படிச்சா தட்டிக் கொடுங்க. படிக்க வரலைன்னா, தினமும் அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோட உட்காருங்க. ஊர் பேரையும், 'வந்தது', 'வரல' இந்த ரெண்டுல ஒண்ணையும் மட்டும் கீழே எழுதுங்க. வில்லியனூர்ல இருந்து பாகூர் வரைக்கும் எத்தனை 'வரல' சேருதுன்னு பார்ப்போம். அந்தப் பட்டியலோட கல்வித்துறை வாசல்ல போய் நிப்போம்.

நேத்து அந்தப் பையன் 'கப்பல்' படிச்சுட்டான். மூணு நாள் ஆச்சு. படிச்சுட்டு என்னைப் பார்த்து, "இது நம்ம கப்பலாண்ணா?"ன்னு கேட்டான்.

ஆமாண்டா. உன்னோடதுதான்.

#வாசிக்க_வரணும்
#தாய்மொழியில்_தொடக்கக்கல்வி
#போர்டு_மாறினா_போதுமா