டீபக்கர் ஓடலையா? உடனே சூடோ போடாதீங்க மக்கா!

யுனிக்ஸ்ல என்ன சிக்கல்னு கேட்டாலும் நம்ம ஆளுங்க கையில ஒரு மருந்து ரெடியா இருக்கு: "சூடோ போட்டு ஓட்டிப் பாரு." தலைவலிக்கும் அதே, கால்வலிக்கும் அதே. மத்த விஷயத்துல எப்படியோ, டீபக்கர் விஷயத்துல இது தப்பு வைத்தியம்ங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல எழுதின ஜிடிபிதான் இன்னிக்கும் லினக்ஸ்ல நமக்குக் கைகொடுக்கற டீபக்கர். ஓடற நிரலை நடுவுல நிறுத்தி, அதோட நினைவகத்தைத் திறந்து காட்டும். இதுக்கு பிட்ரேஸ்னு ஒரு சிஸ்டம் கால் உதவுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு நிரலோட நினைவகத்தைப் படிக்க முடிஞ்சா அதுல கிடக்கிற கடவுச்சொல்லையும் படிக்கலாமே? அதனாலதான் உபுண்டு 10.10-ல (2010) ஒரு காவல் போட்டாங்க. யாமாங்கிற பேர்ல 2012-ல அது லினக்ஸ் கெர்னல் 3.4-க்குள்ளயே வந்திருச்சு. உபுண்டுல இருக்கிற சட்டம் சிம்பிள்: ஜிடிபி தானே தொடங்கி வைச்ச நிரலைத் தாராளமா பார்க்கலாம். ஏற்கனவே தனியா ஓடிக்கிட்டிருக்கிற நிரல்ல போய் ஒட்டிக்க முடியாது.

எங்க மணப்பாட்டுல இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தன் பழைய லேப்டாப்போட வந்தான். "அண்ணே, ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்னு வருது. பிட்ரேஸ் ஸ்கோப்பை பூஜ்யமாக்கிட்டா சரியாயிரும்னு எல்லாரும் சொல்லுதாங்க."

சரியாயிரும்தான். வாசக்கதவைக் கழட்டி வைச்சிட்டா சாவி தொலைஞ்ச பிரச்சினையும்தான் சரியாயிரும்! அவன் நிரலை ஜிடிபிக்குள்ள இருந்தே தொடங்கச் சொன்னேன். ஒரு அமைப்பையும் மாத்தாம வேலை முடிஞ்சுது.

அடுத்தது, மூலநிரலை இறக்கி நாமே ஜிடிபி கட்டறது. "ஆப்ட் இன்ஸ்டால் இருக்கும்போது இது எதுக்குவே?"ன்னு கேப்பீங்க. நியாயம். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஆனா கல்லூரி லேப்ல அட்மின் கடவுச்சொல்லை நமக்கா குடுப்பாங்க? அங்க சூடோவுக்கே வழி கிடையாது. கன்ஃபிகர் பண்ணும்போதே ப்ரிஃபிக்ஸ்ல நம்ம ஹோம் டைரக்டரியைக் குடுத்தா, யார்கிட்டயும் கெஞ்சாம நம்ம இடத்துலயே நிறுவிக்கலாம்.

அதுலயும் வழக்கமான முட்டுக்கட்டைகள் மூணுதான். ஒண்ணு, ஜிஎம்பி இல்லைன்னு நின்னுரும். 2021-ல வந்த ஜிடிபி 11-லேர்ந்து ஜிஎம்பி கட்டாயம், பின்னாடி எம்பிஎஃப்ஆரும் சேர்ந்துக்கிச்சு. "லைப்ரரி இருக்கே"ன்னு குழம்பாதீங்க, ஹெட்டர் ஃபைல்கள் தனிப் பொதியில இருக்கும். உபுண்டு, டெபியன்ல பேரு 'டெவ்'னு முடியும். ரெண்டு, டெர்ம்கேப் காணோம்னு அழும். என்கர்சஸோட டெவ் பொதி போட்டா அடங்கும். மூணு, மேக்இன்ஃபோ இல்லைன்னு மேக் பாதியில நிக்கும். அது கையேடு தயாரிக்கிற கருவி, டீபக்கருக்கு அதனால ஒரு குறையும் வராது. டெக்ஸ்இன்ஃபோ பொதியில கிடைக்கும்.

இது எல்லாமே திரையிலயும் கன்ஃபிக் டாட் லாக் ஃபைல்லயும் எழுதியே இருக்கும். நாமதான் கடைசி வரியை மட்டும் பார்த்திட்டு ஓடறோம். காரணம் பெரும்பாலும் முதல் பிழையிலதான் இருக்கும். எங்க ஊர்ல வலை கிழிஞ்சா ஓட்டை எங்கன்னு தேடித்தான் தைப்பாங்க. வலையையே தூக்கிக் கடல்ல எறியறதில்ல.

கடைசியா, தமிழ்ல நிரல் எழுதறவங்களுக்கு. 'மணப்பாடு' நம்ம கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடுல 8 குறியீடு, யுடிஎஃப்-8-ல 24 பைட். லோக்கேல் வெறும் 'சி'ன்னு இருந்தா ஜிடிபி 'ம'வை 340, 256, 256னு எண்ணாத்தான் காட்டும். "ஐயோ, தமிழ் உடைஞ்சுபோச்சு"ன்னு நல்லா இருக்கிற நிரல்ல கைவைக்காதீங்க. எழுத்து அப்படியேதான் இருக்கு, காட்டற கண்ணாடிதான் சரியில்ல. லோக்கேலை யுடிஎஃப்-8 ஆக்கிட்டு ஜிடிபியைத் திரும்பத் திறங்க, தமிழ் தமிழாவே தெரியும்.

நான் சொல்ல வர்றது இதுதான். டீபக்கர்ங்கிறது ஏன் உடைஞ்சுதுன்னு தேடற கருவி. அதை ஓட வைக்கிறதுக்கே 'ஏன்'னு கேக்காம சூடோ போட்டா, அப்புறம் அதை வைச்சு என்னத்தைத் தேடப் போறோம்? நம்ம பசங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுக்க வேண்டியது கமாண்டு இல்ல, பிழைச்செய்தியை முழுசாப் படிக்கிற பழக்கம்.

டிஸ்கி: சர்வர்ல ஓடிக்கிட்டிருக்கிற நிரல்ல ஒட்டியே ஆகணும்னா, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சூடோ போடுங்க, சண்டைக்கு வரமாட்டேன். நிரந்தரமா கதவைக் கழட்டாதீங்க. மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க மக்கா!