பொதுக் காரணியும் பூட்டும்

தமிழாசிரியன் எண்ணைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைவிக்கலாம். கணித ஆசிரியர் வாராத நாளொன்றில் எட்டாம் வகுப்பிற்குச் சென்றேன். பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் கணக்கைச் செய்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "இதனைக் கணினி கணப்பொழுதிற் செய்துவிடுமே, ஐயா, நாம் ஏன் கற்க வேண்டும்?" என்றான். அன்று தக்க விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

இணையத்தின் வழிச் செல்லும் செய்திகளைக் காக்கும் பூட்டுக்களுள் ஒன்று, 1977ஆம் ஆண்டில் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அமைத்தது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது; பெருக்கத்தை மட்டும் கண்டு அவ்விரண்டையும் பிரித்தறிதல் மிக அரிது. (புணர்ந்த சொல்லைப் பிரித்தெழுத மாணவர் படும் பாட்டை நாளும் காணும் எனக்கு இஃது எளிதில் விளங்கிற்று.) பெருக்கத்தை உலகறிய வெளியிடலாம், காரணிகளையே மறைத்தல் வேண்டும். பெருவழக்கிலுள்ள அளவு 2048 இரும இலக்கங்கள்; பதின் முறையில் எழுதின் 617 இலக்கங்கள். கணினி ஒரே தடவையிற் கையாளும் எண்ணோ ஏறக்குறைய 20 இலக்க அளவினது. ஆதலின் பேரெண்ணைத் துண்டுகளாக்கி, நாம் நாலாம் வகுப்பிற் செய்தவாறே, வலப்பக்கத்திலிருந்து பெருக்கி, மிச்சத்தை அடுத்த துண்டுக்குக் கொண்டு சென்று கூட்டவேண்டும். அம்மிச்சம் அரிதாக ஓரிடத்தில் மட்டும் தவறுமாயின், ஆயிரஞ் சோதனைகளிலும் அகப்படாது அப்பிழை ஒளிந்து கிடக்கும்.

மாணவனுக்குரிய விடை 2012இல் நிகழ்ந்ததில் உள்ளது. ஆய்வாளர் குழுக்கள் இரண்டு, இணையத்தில் வெளிப்படையாகக் கிடந்த பெருக்கங்களைப் பல இலட்சக்கணக்கிற் சேர்த்து, ஒன்றோடொன்று பொதுக் காரணி உண்டோ என நோக்கின. சிறிய எண்களாற் காட்டுவேன். 391, 493 என்பன இருவருடைய பூட்டுக்கள் என்க. 493ஐ 391 ஆல் வகுக்க மீதி 102. 391ஐ 102 ஆல் வகுக்க மீதி 85. 102ஐ 85 ஆல் வகுக்க மீதி 17. 17 ஆனது 85ஐ மீதியின்றி வகுக்கும். இரு பூட்டும் திறந்தன: 17 × 23, 17 × 29. ஒன்றைத் தனியே பிரிக்க உலகக் கணினிகள் எல்லாம் திரண்டாலும் இயலாத பேரெண்களும், இரண்டு அருகருகே வைக்கப்பட்டபோது, யூக்கிளிட்டு எழுதிவைத்த இவ்வகுத்தலுக்குத் தோற்றன. மிச்சிகன், சன் டியேகோ பல்கலைக்கழகத்தாரைக் கொண்ட குழு, பாதுகாப்பான இணைப்புத் தரும் கணினிகளுள் நூற்றுக்கு அரை வீதத்தின் மறைதிறவுகோல்களை இவ்வழியாற் பெற்றது. தேற்றத்திற் குற்றமில்லை. சிறு வலையமைப்புச் சாதனங்கள் இயங்கத் தொடங்கிய கணத்திலேயே, எழுமாற்றாகத் தெரிதற்கு வேண்டிய ஆதாரம் சேருமுன்னர், முதன்மை எண்களைத் தெரிந்தன. ஆதலின் வெவ்வேறு சாதனங்கள் ஒரே எண்ணைத் தெரிந்தன.

மறை எண்ணைக் கணிப்பதற்கும் இதே வகுத்தல் தொடரையே பின்னோக்கி நடத்துவர். 499இல் ஆரியபடர் கூறிய குட்டகம் இதற்கு இனமானது. இதுகொண்டு பூட்டு முழுவதும் நம் முன்னோர் கண்டதே என மேடையில் முழங்குவாரும் உளர், அது மிகை.

1996இல் கொச்சர் என்பார் இன்னொன்றைக் காட்டினார். மறை எண்ணின் இரும இலக்கம் ஒன்றாயின் ஒரு பெருக்கல் கூடும். சுழியாயின் அது குறையும். கணினி எடுத்த காலத்தை அளந்தே மறை எண்ணை அறியலாம். விடை சரியாயிருந்தும் செய்த விதம் காட்டிக்கொடுத்தது.

"ஆயத்தமான செய்நிரல்கள் உள, அழைத்தாற் போதும்" என்பாரை நான் பாதி உடன்படுகிறேன். மெய்யான இரகசியத்துக்குப் பலராற் சோதிக்கப்பட்டதையே பயன்படுத்துதல் வேண்டும். தாமே எழுதியதை நம்புவது செருக்கு. ஆயினும் ஒருகாலும் எழுதாதவன், எதனைச் சோதிக்க வேண்டும் என்பதையே அறியான். நம் உயர்தர மாணவர் கற்கும் பைதன் மொழி எத்துணைப் பெரிய எண்ணையும் தானே ஏற்றுக்கொள்ளும். அவ்வசதியால் மிச்சம் என்பதை அவர் காண்பதேயில்லை. அதனை ஒருமுறை விலக்கி, இலக்கங்களை நிரல்பட வைத்து, கூட்டல், பெருக்கல், வகுத்தல் மீதி, பொதுக் காரணி ஆகியவற்றைத் தாமே எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுதியபின் அதனை எடுத்து ஒதுக்கிவிடலாம்.

கணினித் தொழிலில் அயல்நாடுகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர் ஊர் வருங்கால், மடிக்கணினி அன்பளிப்புச் செய்வதோடு நில்லாது, ஒரு சனிக்கிழமை முற்பகலை இதற்கு ஈவாராக. முதல் ஒரு மணி நேரம் பென்சிலும் கொப்பியுமே போதும். அந்த எட்டாம் வகுப்பு மாணவனையும் பின் வாங்கில் இருத்திக்கொள்வேன். அவனுக்கு நான் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறேன்.